ஆறு கட்டை ஜம்பம்

1977 மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கச்சேரி. நடுவே மேல் ஷட்ஜத்தைத் தொட்டேன். நாதம் எழவில்லை, காற்று மட்டும் வந்தது. முன்வரிசை அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டியது. சங்கீதம் தெரிந்த ஊர் என்று பெயர்.

குரல் கம்மிப்போய் வாரக்கணக்கில் தெளியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னைப்போல் ஐந்து மாதம் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். அதுவரை மிளகும் பனங்கற்கண்டும் அதிமதுரமும் என் தொண்டை வழியே ஊர்வலம் போயின. பார்த்தவர்கள் எல்லாம் வைத்தியர்கள். பக்கத்து வீட்டு மாமி கண் பட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். அந்தக் கமறலில் இரண்டு நாள் இருமினேன்.

தென்னூர் டாக்டர் தொண்டைக்குள் சிறிய கண்ணாடியை விட்டுப் பார்த்தார். இரண்டு குரல்நாண்களிலும் (குரலை எழுப்பும் தசை மடிப்புகள்) முடிச்சு விழுந்திருந்தது. ஓயாமல் உரசியதால் வந்த காய்ப்பு, புற்று இல்லை என்றார். எனக்குப் பயம் அடங்கவில்லை. பாட்டு போனால் எனக்கு வேறொன்றும் தெரியாது.

"எத்தனை கட்டைல பாடுறீங்கம்மா?"

கட்டை என்பது சுருதியின் உயரம். "ஆறு," என்றேன். அந்த நிலைமையிலும் அதைப் பெருமையாகச் சொன்னதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

"பேசுற குரல் அவ்வளவு கீழ இருக்கே. ஆறுல பாடச் சொன்னது யாரு?"

யாரும் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் ஆறில் பாடினேன், ஊர் மெச்சியது. முப்பத்தாறு வயதிலும் இறங்க மனம் வரவில்லை. எங்கள் பாட்டுக்காரர் கூட்டத்தில் சுருதியை அரைக் கட்டை இறக்கினால் வீடு தேடி வந்து துக்கம் விசாரிப்பார்கள்.

மருத்துவமனையில் முடிச்சுகளை எடுத்தார்கள். ஒரு மாதம் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்தேன். பார்க்க வந்தவர்கள் மௌன விரதம் என்று கும்பிட்டார்கள். எதிர்த்துப் பேச ஆளில்லை என்ற தைரியத்தில், "இனிமே பாட்டு கிளாஸ் எடுத்தா போறும்," என்று என் எதிர்காலத்தையும் தீர்த்துவைத்தார்கள்.

மூன்றாம் வாரம் டாக்டர் கண்ணாடியில் பார்த்து முகம் சுளித்தார். நாண்கள் இன்னும் சிவந்து வீங்கியிருந்தன.

"பேசினாங்களா?" என்று என் கணவரைக் கேட்டார்.

"ஒரு வார்த்தை இல்லீங்க. தினம் காலைல தம்பூராவ மீட்டிக்கிட்டு, வாய மூடி உக்காந்திருப்பா. அவ்வளவுதான்."

டாக்டர் என் குரல்வளையில் இரண்டு விரலை வைத்தார். "அதே மாதிரி இப்ப மனசுக்குள்ள பாடுங்கம்மா."

ஒரு வர்ணத்தைத் தொடங்கினேன். உதடு அசையவில்லை. அவர் விரலுக்கடியில் குரல்வளை மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

"உள்ளுக்குள்ளயும் ஆறு கட்டையா?"

தலையாட்டினேன். கணவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அழவும் கூடாதாம். கேட்க ஒரு ஆள் இல்லாத இடத்திலும் ஜம்பத்துக்குப் பாடியிருக்கிறேன். ஊரை இளக்காரம் பேசும் நான், எனக்குள் உட்கார்ந்து அதே ஊருக்காகத்தான் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அன்றே தம்பூராவுக்கு உறை போட்டேன்.

மேலும் ஆறு வாரம் உள்ளும் புறமும் மௌனம். பிறகு 'ம்' என்று ஒரு நிமிடம், அடுத்த வாரம் மூன்று நிமிடம். அடுத்த வருடம் பாலக்கரையில் ஒரு சபாவில் நாலரைக் கட்டையில் பாடினேன். குரல் எங்கும் அறுபடவில்லை.

முடிந்ததும் சபா செயலாளர் வந்தார். "நல்லாத்தான் இருந்துதும்மா. ஆனா ஆறுல பாடுவீங்களே, அந்த எடுப்பு இல்லீங்களே."

சிகிச்சைக்குப் பிறகு, டாக்டர் கணக்கில், ஒரு நாளைக்கு எனக்கு இரண்டு மணி நேரம்தான் குரல். பாட்டு, பேச்சு, கோபம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அன்று சில நிமிடங்கள் மிச்சமிருந்தன. அவருக்கு ஏற்ற பதிலும் நாக்கு நுனியில் இருந்தது. கும்பிட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். வீடு திரும்பும் பஸ்ஸில் கணவரோடு, எங்கள் பிள்ளைக்கு மறுநாள் என்ன சமைப்பது என்று பேசிக்கொண்டே வந்தேன். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அன்றைய குரல் தீர்ந்துவிட்டது.