ஈரக் காலுக்கு ஒரு தரை

சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கடற்கரைக் குப்பங்களில் எங்கு பார்த்தாலும் வீடு கட்டும் வேலை. கொத்தனார்கள் கிடைக்கவில்லை. அதனால்தான் கலவைச் சட்டி சுமந்துகொண்டிருந்த லோகநாயகியின் கைக்குப் பூச்சு வேலைக் கரணை வந்தது. "பொம்பள பூசுன செவுரு நிக்குமா?" என்று கேட்டவர்களுக்கு அவள் வாயால் பதில் சொல்லவில்லை. பூசிய சுவரில் மட்டப்பலகையை வைத்துக் காட்டினாள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் எறும்பு நுழைய இடமிருக்காது.

மேடு பள்ளம் என்றாலே அவளுக்கு ஆகாது. பேருந்துக்குக் காத்து நிற்கும்போதுகூடப் பக்கத்துச் சுவரைத் தடவிப் பார்ப்பாள்.

மேஸ்திரி ஞானசேகரன் முதன்முதலாக ஒரு வேலையைத் தனியாக அவளிடம் விட்டார். படகுகள் கரை சேரும் இடத்தில், பெண்கள் மீனைக் கொட்டி விற்க ஒரு சிமெண்ட் தளம்.

"நல்லா வந்துச்சின்னா நீ கொத்தனாரு. இல்லன்னா பழையபடி சட்டிதான்" என்றார்.

லோகநாயகி உயிரைக் கொடுத்து வேலை செய்தாள். சிமெண்ட் பால் ஊற்றி, இழைத்து இழைத்துத் தளத்தைப் பளபளவென்று ஆக்கினாள். குனிந்தால் முகம் தெரிந்தது.

தளம் காய்ந்து திறந்துவிட்ட அன்று முதலில் ஏறியவள் மீன் விற்கும் இருசம்மாள். தலையில் கூடை நிறைய மத்தி. கூடையிலிருந்து சொட்டிய தண்ணீரில் கால் பட்டதுதான் தாமதம், சர்ரென்று வழுக்கி உட்கார்ந்தாள். மத்தியெல்லாம் தளம் முழுக்கச் சிதறி ஓடியது.

"அடியே லோகா! தரை போடச் சொன்னா சறுக்குமரம் போட்டு வெச்சிருக்கியே! செத்த மீனுகூட நீந்துதுடி இதுல!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருசம்மாளின் மணிக்கட்டு வீங்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

"நாளைக்கு வேற ஆள உட்டுக் கொத்திப் போட்டுக்கிறேன். நீ சட்டிய எடு" என்றார் மேஸ்திரி.

"நான் கெடுத்தத நானே சரி பண்றேன் மேஸ்திரி. அதுக்கப்புறம் சட்டியத் தூக்கச் சொன்னா தூக்குறேன்."

மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லாமல் கிளம்பிப் போனார்.

லோகநாயகி அங்கேயே உட்கார்ந்து, நடக்கிற கால்களைப் பார்த்தாள். இத்தனை நாள் அவள் தரையை மட்டும்தான் பார்த்திருந்தாள். படகு கட்டும் பழைய கயிறு ஒன்று தளத்தின் குறுக்கே கிடந்தது. பெண்கள் அதன்மேல் மட்டும் தைரியமாகக் கால் ஊன்றிப் போனார்கள்.

மறுநாள் காலையில் உளியும் சுத்தியலுமாக வந்து, தான் இழைத்த தளத்தைத் தானே கொத்தத் தொடங்கினாள். வழவழப்பின்மேல் புதுப் பூச்சு பிடிக்காது. ஒவ்வொரு கொத்தும் அவள் நெஞ்சில் விழுந்தது. கையில் கட்டுடன் வந்த இருசம்மாள் பதறிவிட்டாள்.

"எல்லாத்தையுமா கொத்தப் போற? மீனு கொட்டுற எடத்த உடுடி! அது சொரசொரன்னு இருந்தா செதிலும் ரத்தமும் குழியில தங்கி நாறிப்பூடும். நாங்க நடக்குற எடந்தான் சொரசொரப்பா வேணும்."

"எங்க நடப்பீங்க, எங்க கொட்டுவீங்கன்னு நடந்து காட்டுக்கா."

இருசம்மாள் நடந்தாள். லோகநாயகி பின்னாலேயே, மீன் கொட்டும் இடங்களைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டு போனாள். கோட்டுக்கு வெளியே, நடக்கும் இடத்தை மட்டும் கொத்திவிட்டு மெல்லிய பூச்சு பூசினாள். அது இறுகும் முன் அந்தப் பழைய கயிற்றையே வரிசையாக அழுத்தி அழுத்தி எடுத்தாள். முறுக்கு முறுக்காகத் தடம் விழுந்தது.

காய்ந்த பிறகு மேஸ்திரி வந்தார். தளத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டச் சொன்னார். இருசம்மாள் கூடையுடன் ஏறினாள். இருசம்மாள் நடந்தாள், திரும்பினாள், வேண்டுமென்றே ஒரு குதி குதித்தாள்.

"போதும், எறங்கு. இன்னொரு கையும் போயிடப் போவுது" என்றார் மேஸ்திரி. பிறகு லோகநாயகியைப் பார்த்து, "சிதம்பரத்துல ஒரு வீட்டு வேல இருக்கு. கரணையக் கழுவி எடுத்துக்கினு வா" என்றார்.

சிதம்பரத்தில் அந்த வீட்டுக்கார அம்மாள் ராஜாம்பாள், குளியலறையைக் காட்டி, "தரை கண்ணாடி மாதிரி இருக்கணும்மா" என்றாள்.

லோகநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

"போட்டுடலாம்மா. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. இங்க ஈரக் காலோட யாரு யாரு நடப்பாங்க?"