ஃபிரிட்ஜ் மேல் பிரிக்காமல் கிடந்த பெட்டி

ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடும்போதெல்லாம் அதன் மேலிருந்த அட்டைப்பெட்டி லேசாக அதிரும். டர்ர்ர் என்று ஒரு சத்தம்... பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

நேற்று நம் குரூப்பில் ஒரு தம்பி, "வீட்லயே பாட்டு ரெக்கார்ட் பண்ண எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?" என்று கேட்டிருந்தார். ஆளாளுக்கு ஒரு மாடல் சொன்னீர்கள். நான் பதிலை டைப் செய்து, அழித்து, மறுபடி டைப் செய்து, கடைசியில் இங்கே வந்து நிற்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிதான் இன்டர்ஃபேஸ். பாடுகிற குரலைச் சுத்தமாக உள்ளே கொண்டு போகும். அவ்வளவுதான் அதன் வேலை. அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

நான் அப்படிப்பட்ட ஆள். ஹோட்டலில் மெனு கார்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், சர்வர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடுவார். கடைசியில் சாப்பிடுவது தோசைதான்.

அப்போது நானும் அம்மாவும் ஸ்ரீரங்கத்தில். அக்கா காவிரிக்கு அந்தப் பக்கம் புத்தூரில். அக்காவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அக்கா பாடகி எல்லாம் இல்லை. பேங்க்கில் வேலை. ஆனால் மூன்று வயது மகள் மீனுவைத் தூங்க வைக்கத் தானே ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தாள். காவிரிப் பாலத்தில் பஸ் போகிறது, உள்ளே எல்லோரும் தூங்குகிறார்கள், கண்டக்டரும் தூங்குகிறார்... இப்படிப் போகும். கடைசி வரியில் குரல் மேலே போய் அப்படியே நிற்கும். சரியாக அங்கே மீனு கண்ணை மூடிவிடுவாள்.

"டேய், ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தப் பாட்ட மட்டும் எடுத்துக் குடுத்துர்றா. மீனுவுக்கு வேணும்" என்றாள் அக்கா.

"எடுத்துடலாம்க்கா. சூப்பரா எடுத்துடலாம்."

ஆரம்பித்தது என் வேலை. இரண்டு மைக் போடுகிற மாடலா, நான்கா? இதில் இரைச்சல் கம்மி, அதில் கேபிள் நல்ல கேபிள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ரிவ்யூ, பஸ்ஸில் ரிவ்யூ, சாப்பிடும்போது ரிவ்யூ. ஒன்றை முடிவு செய்தால் அதைத் திட்டி யாராவது எழுதியிருப்பார்கள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். "ஏண்டா, போன்லயே எடுத்தா ஆகாதா?" என்றாள்.

"போன்லயா? ஃபேன் சத்தம், குக்கர் சத்தம் எல்லாம் சேர்ந்து கேவலமா இருக்கும்க்கா."

ஒருவழியாக ஆர்டர் போட்டேன். பெட்டி வந்தபோது ஆடி மாதம் பாதி ஓடியிருந்தது. அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"ஆடியில புதுச் சாமானப் பிரிக்காதடா. ஆவணி பொறக்கட்டும், சாமி படத்துகிட்ட வச்சுக் குங்குமம் வச்சுப் பிரி."

ஆபரேஷனையே ஆடி கழியட்டும் என்றுதான் ஆவணி முதல் வாரத்துக்குத் தள்ளி வைத்திருந்தோம். பெட்டி ஃபிரிட்ஜ் மேல் ஏறியது.

அம்மா மேல் பழியைப் போட்டுவிட ஆசைதான். ஆனால் நான் என்றைக்கு அம்மா பேச்சைக் கேட்டேன்? உண்மை வேறு. பிரித்துவிட்டால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெட்டி வந்த அன்று மாலையே இன்னொரு மாடலைப் பார்த்துவிட்டேன். மாற்றலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆடி எனக்கு நல்ல சாக்கு.

திடீரென்று ஆஸ்பத்திரியிலிருந்து போன். டாக்டர் வெளியூர் போகிறாராம், நாளைக்கே அட்மிட் ஆகச் சொன்னார்கள்.

"டாக்டர் சொன்னப்புறம் ஆடி என்ன, ஆவணி என்ன" என்று அம்மா ஒரே நொடியில் முடித்துவிட்டாள்.

அன்று மாலை அக்கா, மீனுவை எங்களிடம் விட வந்தாள். சோபாவில் உட்கார்ந்து ஃபிரிட்ஜ் மேலே பார்த்தாள்.

"இன்னும் பிரிக்கலையா?"

"மாடல் மாத்தலாமான்னு பாக்குறேன்க்கா..."

"சரி, போன எடு. பாடிடுறேன்."

"அவசரமா எதுக்குக்கா? மூணு நாள்ல வந்துடுவ. வந்து நிதானமா எடுப்போம்."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு சிரித்து, என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். சொன்ன மாதிரி மூன்று நாளில் வந்தும்விட்டாள், நல்லபடியாக. குரல்தான் வரவில்லை. மாதக்கணக்கில் காற்றாக வந்தது. அப்புறம் தேறியது, ஆனால் அடித்தொண்டையில். இப்போதும் மீனுவைத் திட்ட, பேங்க்கில் சண்டை போட எல்லாம் போதும். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் எட்டாது.

இன்று என்னிடம் இரண்டு இன்டர்ஃபேஸ், மூன்று மைக், சுவரெல்லாம் சத்தத்தை அடக்கும் ஃபோம். ஊசி விழுந்தாலும் பதிவாகும்.

போன மாதம் மீனு வந்திருந்தாள். பதினாலு வயது. சமையற்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "மாமா, அம்மா எனக்கு ஒரு பஸ் பாட்டுப் பாடுவாங்களாமே? எனக்கு ஞாபகமே இல்ல. எப்படிப் பாடுவாங்க?" என்றாள்.

கத்தியைக் கீழே வைத்தேன். போட்டுக் காட்ட என்ன இருக்கிறது என்னிடம்? நானே பாடினேன். கழுதைக் குரல். கண்டக்டர் தூங்குகிற இடத்தில் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது. கடைசி வரியில் மேலே போகப் பார்த்து, குரல் கிறீச்சிட்டு நின்றுபோனது.

மீனு சிரிக்கவில்லை. எனக்குத்தான் வழக்கம்போல் பரபரப்பு வந்துவிட்டது. "இரு இரு, உள்ள வா. மைக் கனெக்ட் பண்றேன், ஒழுங்கா எடுத்துடலாம்" என்றேன்.

"வேணாம் மாமா" என்று கையிலிருந்த போனைத் திருப்பிக் காட்டினாள். "எடுத்துட்டேன்."