கமருன்னிஸாவுக்குப் பிடிக்காத நாவல்

கமருன்னிஸாவுக்கு அந்த நாவலை முதல் நாளே பிடிக்கவில்லை. தங்கை ரிஃப்கா நூலகத்திலிருந்து எடுத்துவந்தது அது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இங்கிலீஷில் எழுதியதாம். யாரோ தமிழில் பெயர்த்திருந்தார்கள். மூன்று சகோதரிகள், அவர்களைச் சுற்றிவரும் நாலைந்து ஆண்கள், யார் யாரைக் கட்டிக்கொள்வது என்று முந்நூறு பக்கத்துக்குப் பேச்சு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ரிஃப்கா கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். உம்மா சஃபியா சுவரில் சாய்ந்து கேட்பார். கமருன்னிஸாவும் பொன்னுத்தாயும் காஜா எடுத்தபடி கேட்பார்கள்.

காஜா என்பது சட்டையில் பொத்தான் நுழைகிற துளை. பட்டுக்கோட்டைத் தையல் கடைகளிலிருந்து சட்டைகள் மூட்டையாக வரும். துளை வெட்டி, விளிம்பு பிரியாமல் நூலால் நெருக்கிக் கட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவது பொன்னுத்தாய். கடைமடையில் தண்ணீர் எட்டாமல் நடவு குறைந்துபோன வருஷம் இந்த வேலைக்கு வந்தவள். கமருன்னிஸாதான் சொல்லிக் கொடுத்தாள். ஒரு கட்டு கோணினாலும் முழுக்கப் பிரித்து மறுபடி போடச் சொல்வாள். பொன்னுத்தாய் முனகிக்கொண்டே பிரிப்பாள்.

நாவல் கேட்கும்போதும் கமருன்னிஸாவின் குணம் அதேதான்.

"இவளுவளுக்கு அடுப்பாங்கரையே கிடையாதா? காலையில எந்திரிச்சா நடக்கப் போறாளுவ, மழையில நனையிறாளுவ, காய்ச்சல்ல படுக்கிறாளுவ. கஞ்சி யாரு காச்சுறா?"

"வேலைக்காரி இருக்கா ராத்தா. எழுத மாட்டாங்க."

"அப்ப அவளைப் பத்தி எழுதச் சொல்லு. அவகிட்டதான் சேதி இருக்கும்."

பொன்னுத்தாய் சிரித்து ஊசியைக் குத்திக்கொண்டாள். "நீங்க ஒண்ணு. அந்தப் பெரிய மனுசன் நடுவுளவளைப் பாத்துட்டானா இல்லியா, அதைப் படி பாப்பா."

இங்கிலீஷ் பேர்கள் யாருக்கும் வாயில் நுழையவில்லை. அதனால் அந்த வீட்டில் அவர்கள் மூத்தவள், நடுவுளவள், கடைசிக்காரி என்றே ஆனார்கள்.

கமருன்னிஸா நாலாம் வகுப்போடு நின்றவள். கடைப் பலகையும் காலண்டரும் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அதற்கு மேல் அவளுக்கு வராது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். பதினெட்டு வயதில் ஜாஃபர் சாதிக்குக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அதிராம்பட்டினத்து வழக்கப்படி வாப்பா அவள் பேருக்கு இந்த வீட்டை எழுதினார், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேர்ந்தார். அங்கே வீடு பெண்ணுக்குத்தான். ஆண் வந்து இருப்பான், சம்பாதிக்கப் போவான், திரும்பி வருவான். ஜாஃபர் சாதிக் ஜெத்தாவுக்குப் போய் ஆறாம் வருஷம் திரும்பி வராமல் கடுதாசி மட்டும் அனுப்பினார். மூன்று வரியில் தலாக். பிள்ளை இல்லை. அவர் பெட்டியை அவருடைய உம்மா வீட்டுக்கு ஆள் வைத்து அனுப்பிவிட்டு, கமருன்னிஸா கதவைச் சாத்திக்கொண்டு காஜா எடுக்க உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு. இப்போது நாற்பது. வாப்பா மௌத்தான பிறகு, பழைய வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் ரிஃப்காவும் இவளோடு வந்து சேர்ந்தார்கள்.

ரிஃப்காவுக்கு வீடு கட்டித் தரவேண்டியது தம்பி பக்கீர் முகம்மது. துபாய்க்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம். வீடு கட்டத்தான் செய்தான், புதுமனைத் தெருவில் மாடியோடு. ஆனால் அது அவன் மகள் தஹ்மீனாவுக்கு. தஹ்மீனாவுக்கு வயது நாலு.

நாவல் பாதி தாண்டியபோது ரிஃப்காவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஃபாஜில், துபாயில் பெரிய கடையொன்றில் வேலை. ரிஃப்காவுக்கு அவனைப் பிடித்திருந்தது. ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததிலிருந்தே பிடித்திருந்தது என்று பொன்னுத்தாய்க்கு மட்டும் தெரியும். அவன் உம்மா வந்து உட்கார்ந்து, டீ குடித்து, கடைசியில் கேட்டார்: "பொண்ணுக்கு வீடு எது?"

வெள்ளிக்கிழமை பக்கீர் போன் பண்ணினான். கமருன்னிஸாவைக் கூப்பிடச் சொன்னான்.

"ராத்தா, ஒன் வீட்டை ரிஃப்கா பேருக்கு எழுதிரு. நீ எங்கேயும் போவப் போறதில்ல. அதே ரூம்ல இரு."

"ஒன் மவளுக்குக் கட்டுறியே, அது?"

"அது என் மவளுக்கு."

"இது எனக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உம்மா சோறு போடும்போது தட்டைத் தள்ளினார். நாவல் மூடியே கிடந்தது. ஐந்தாம் நாள் ரிஃப்கா தானாகவே எடுத்துப் பிரித்தாள்.

"கேளுங்க. இன்னைக்கு நல்ல கட்டம்."

நல்ல கட்டம்தான். கடைசிக்காரியை ஒருவன் விரும்புகிறான். ஆனால் அவளுக்கு வீடில்லை. வீடு மூத்தவள் பேரில். மூத்தவள் ஒரு ராத்திரி முழுக்க ஜன்னலோரம் நின்று யோசிக்கிறாள். விடிந்ததும் கடைசிக்காரியைக் கூப்பிட்டு, "எனக்கு யார் இருக்கிறார்கள்? நீ வாழ்ந்தால் நான் வாழ்ந்ததுபோல" என்று பத்திரத்தை அவள் கையில் வைக்கிறாள். ஊரே மூத்தவளைக் கொண்டாடுகிறது. ரிஃப்காவுக்குக் குரல் கம்மியது. பொன்னுத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உம்மா கமருன்னிஸாவைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

கமருன்னிஸா தலை நிமிரவில்லை. மடியில் கிடந்த சட்டையைத்தான் பார்த்தாள். ரிஃப்கா ஒரு தாளைப் படித்துப் புரட்டுவதற்குள் அவள் ஒரு காஜா முடிப்பாள். இத்தனை நாளும் அப்படித்தான். அவளாக எண்ணியதல்ல, கை பழகிய அளவு. இன்றைக்குச் சட்டையின் முன்பட்டி முழுக்க முடிந்திருந்தது. ஆறு காஜா. ரிஃப்கா ஒரே ஒரு தாள்தான் புரட்டியிருந்தாள்.

மறுநாள் காலை ரிஃப்கா கம்ப்யூட்டர் சென்டருக்குப் பஸ் ஏறியதும், கமருன்னிஸா அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட்டுக்கு முந்தின பக்கங்களைப் பிரித்தாள். விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். ஒரு வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும்; திரும்ப முதலிலிருந்து வருவாள். கோணிய கட்டைப் பிரித்துப் போடுகிற அதே பிடிவாதம். மூன்று பக்கம் படிக்க நாலு காலை ஆயிற்று. அந்த நாலு நாளும் மத்தியானத்தில் தலைவலி என்று சொல்லி நாவலைத் தொடவிடவில்லை.

அந்தப் பக்கங்களில் பத்திரம் இல்லை. மூத்தவளுக்கு வீடே இல்லை. அந்த நாட்டில் வீடு ஆண்களுக்கு. மூத்தவள் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறாள். அவன் பிள்ளைகளுக்குத் துணி தைக்கிறாள். பனிக்காலம். "அண்ணா, என் அறையில் கொஞ்சம் நெருப்பு மூட்டிக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறாள். அவன் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "உன் அண்ணியைக் கேட்டுச் சொல்கிறேன்" என்கிறான்.

கமருன்னிஸா அந்த வரியை மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். தப்பில்லை, அப்படித்தான் இருந்தது.

ரிஃப்கா அதிராம்பட்டினத்துப் பிள்ளை. பெண் பேரில் வீடில்லாத உலகம் அவளுக்குத் தோன்றவே தோன்றாது. அதனால் இங்கிலீஷ்காரிக்கும் ஒரு வீட்டை எழுதி வைத்து, அதைத் தானமும் கொடுக்க வைத்துவிட்டாள். கேட்டவர்கள் மூன்று பேரும் இந்த ஊரிலும் பக்கத்திலும் இருக்கிறவர்கள். வீட்டைப் பற்றி ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் ரிஃப்கா புத்தகத்தை எடுத்தாள்.

"அன்னைக்குப் படிச்ச எடத்தை இன்னொரு தரம் படி" என்றாள் கமருன்னிஸா.

"எதுக்கு? கதை முன்னால போயிருச்சு."

"படி."

ரிஃப்கா பக்கத்தைப் பார்த்தாள், ராத்தாவைப் பார்த்தாள். "கண்ணு வலிக்குது."

"குடு, நான் படிக்கிறேன்."

உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கமருன்னிஸா விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். "அண்... ணா. என் அறை... யில் கொஞ்... சம் நெருப்பு." கால் மணி நேரம் பிடித்தது. அண்ணியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பதோடு புத்தகத்தை மூடினாள்.

"பத்திரம் எங்க வருது?" என்றாள் பொன்னுத்தாய்.

"இவ வாயில வருது."

ரிஃப்காவின் முகம் சிவந்தது. இதுவரை ராத்தாவை நீங்க என்றவள் அன்றைக்கு நீ என்று இறங்கினாள். "ஆமா, நான்தான் சொன்னேன். சொன்னா என்னா? புருஷன் இல்ல, புள்ள இல்ல, ஒனக்கு எதுக்கு இந்த நாலு செவுரு? என் வாழ்க்கையை அடைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கே. நான் ஒன்னைத் தெருவுலயா விடப் போறேன்? என்னோட வெச்சிப் பாத்துக்க மாட்டேனா?"

"அந்த அண்ணங்காரனும் பாத்துக்கிட்டுதான் இருந்தான்."

"கமரு, வாயை மூடு. அது கதை" என்றார் உம்மா.

"அன்னைக்கு இவ படிச்சது கதைன்னு ஒங்களுக்குத் தோணலியே உம்மா? என்னையத்தானே பாத்தீங்க. எனக்குத் தலாக் வந்த அன்னைக்கு வெளியே போனது அவர் பெட்டி. என் பெட்டி இல்ல. ஏன்? இந்தச் செவுரு என் பேர்ல இருந்துச்சு. நாளைக்கு ஃபாஜில் உம்மா இந்தக் கூடத்துல வந்து ஒக்காந்து, காஜா மூட்டையைக் கொல்லையில வைன்னா, நான் யாரைக் கேக்குறது? இவ, புருஷனைக் கேட்டுச் சொல்றேம்பா."

ரிஃப்கா எழுந்து உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள். பொன்னுத்தாய் அன்றைக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு முன்னாலேயே பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த வாரம் ஃபாஜிலின் உம்மா பதில் கேட்டு வந்தார். உம்மா பேச்சை இழுத்துக்கொண்டிருந்தார். கமருன்னிஸா டீயைக் கொண்டுவந்து வைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்த வீட்டைச் சொல்லியிருப்பாங்க. இது என்னுது, எழுதிக் குடுக்குறதா இல்ல. எங்க தம்பி புதுமனைத் தெருவுல மாடி வச்சுக் கட்டிக்கிட்டிருக்கான், போற வழியில பாத்துட்டுப் போங்க. அவன் மவளுக்கு நாலு வயசு. அவளுக்கு வீடு வேணும்னா இன்னும் பதினாறு வருஷம் இருக்கு. அதைக் கேளுங்க."

உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஃபாஜிலின் உம்மா டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். போகும் வழியில் புதுமனைத் தெருவில் ஆட்டோவை நிறுத்தி இறங்கிப் பார்த்தாராம். மாடி ஏறியும் பார்த்தாராம். கொடுத்தால் அந்த வீடு, இல்லாவிட்டால் சம்பந்தமில்லை என்று மறுநாள் சொல்லியனுப்பினார்.

பக்கீர் முகம்மது நாலு மாதம் மறுத்தான். தெருவெல்லாம் தெரிந்துபோன விஷயத்தை அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. ஊருக்கு வந்து ரிஃப்கா பேருக்கு எழுதினான். அவன் மனைவி அன்று கமருன்னிஸாவின் வாசலில் நின்று சொன்னதைத் தெருவில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். கல்யாணத்துக்குக் கமருன்னிஸா போனாள். பெண்கள் பந்தியில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் நிதானமாகச் சாப்பிட்டுக் கை கழுவினாள். உம்மா ரிஃப்காவோடு புதுமனைத் தெருவுக்கே போய்விட்டார். ரிஃப்கா அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. எதிரில் வந்தால் தெரு மாறிப் போனாள்.

துபாய்க்குத் திரும்புவதற்கு முதல்நாள் பக்கீர் வந்தான். கூடத்தில் உட்கார்ந்து சுவரையும் கூரையையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"நீ ஜெயிச்சுட்டே ராத்தா. சரி. ஒனக்கப்புறம் இந்த வீடு யாருக்கு? தஹ்மீனா பேருக்கு இப்பவே எழுதி வச்சுட்டா, நான் எல்லாத்தையும் மறந்துர்றேன்."

கமருன்னிஸா அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த தம்பி. அந்த நினைப்பு வந்தது, வந்து போயிற்று.

"டீ ஆறுது" என்றாள். "குடிச்சிட்டுக் கெளம்பு."