கைக்கும் வாய்க்கும் ஏற்ற மட்டை

அந்த மாதங்களை நினைத்தால் மாத்தளைப் பனிதான் முதலில் வருகிறது. காலையில் எங்கள் மிளகுக் கொடிகள் பாதி தெரியும், பாதி தெரியாது. மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்டிருக்கும் கராம்பின் வாசனை மட்டும் முழுசாக வந்து சேரும். அந்தப் பனிக்குள் முன்வாசல் கதிரையில் என் கணவர் உட்கார்ந்திருப்பார், வலது கையைத் துவாயால் மூடிக்கொண்டு. காலடியில் நாய். இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி என்னதான் தெரிகிறது என்று கேட்டால் இரண்டு பேருமே பதில் சொல்ல மாட்டார்கள்.

அவருக்குப் பக்கவாதம் வந்து போயிருந்தது. பேச்சு திரும்பியது, காலும் ஒருவழியாகத் திரும்பியது. வலது கைதான் வரவில்லை. விரல்கள் மடங்கினால் விரியாது, விரிந்தால் மடங்காது. யாராவது கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டாலே துவாயை இழுத்துச் சரிசெய்துகொள்வார்.

எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் மாசித் தேர் போகும். அம்மன் வரும்போது கேட்டுக்கு வெளியே இறங்கி நின்று தேங்காய் அடிப்பது அவர்தான். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பார்க்கிறேன். தலைக்கு மேலே தூக்கி ஒரே அடி. காய் சிதறும் சத்தத்தில் எனக்கு ஒவ்வொரு வருஷமும் உடம்பு சிலிர்க்கும். அந்த மார்கழியில், தேருக்கு இன்னும் நாள் கிடக்கும்போதே, "இந்த வருஷம் வேற யாரையாவது வச்சு அடிச்சிக்க" என்றார். சோறு நல்லா இருக்கு என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அழுவதைவிடக் கோபப்படுவது எனக்குச் சுலபம்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மிஸ் சிங்களத்தில் எனக்கு விளக்கியிருந்தார்: எதையாவது பிடிக்க வேண்டும், எறிய வேண்டும், மறுபடி பிடிக்க வேண்டும். அதுதான் அந்தக் கைக்கு மருந்து. வீட்டுக்கு வந்து பந்தை நீட்டினால் இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "நான் என்ன சின்னப்புள்ளயா?" அப்போதுதான் நாய் என் கண்ணில் பட்டது. நாய்க்காக எறிந்தால் யாரும் சின்னப்பிள்ளை என்று சொல்ல மாட்டார்களே. எறிந்ததை எடுத்து வரவும் ஆளாயிற்று.

நாயைப் பழக்குவதாகச் சொல்லிக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினேன். நாய்ச் சாமான் விற்கும் கடையில் இத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ரப்பர் பந்து, ரப்பர் வளையம், இரண்டு பக்கமும் குண்டு வைத்த மரக்கட்டை, கயிறு கோத்த கித்தான் துணிப் பொதி, விசில், நாயைத் தூரத்தில் விட்டுப் பழக்க நீளக் கயிறு. கடைக்காரர் ஒவ்வொன்றையும் எடுத்து, இது நாயின் பல்லுக்கு நல்லது, இது ஈறுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றையும் வலது கையில் வாங்கி, விரல்களைப் பாதி மடக்கிப் பிடித்துப் பார்த்தேன். இந்த அம்மாவே வாயில் கவ்வப் போகிறாளோ என்று அந்த மனுஷர் நினைத்திருக்க வேண்டும். பாதிக் கடையை வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

ஒன்றும் சரிவரவில்லை. பந்து அவர் கையை விட்டுப் போகும் முன்பே மடியில் விழுந்தது. ஒருநாள் தப்பித் தவறிப் போனது, தெருவோரக் கானுக்குள் உருண்டு சாக்கடைத் தண்ணீரோடு போய்விட்டது. மரக்கட்டையை நாய் கொண்டுவந்து அவர் காலிலேயே போட்டது. அன்று முழுக்க இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ரப்பர் வளையத்தை முகர்ந்து பார்த்த நாய், சுண்டல் குழம்பில் கல் கடித்தவர் மாதிரி என்னைப் பார்த்தது. கித்தான் பொதி அவர் கையிலிருந்து சுழன்று என் குரோட்டன் செடிச் சாடியை உடைத்தது. மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கராம்பு வியாபாரி, தொழுகைக்கு ஐந்து வேளையும் தவறாமல் பள்ளிக்குப் போகிறவர், நாய் என்றால் சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குகிறவர்.

"அக்கா, என்ன வேணும்னாலும் பழக்குங்க. எனக்கு மட்டும் ஒன்னும் கொண்டு வர வாணாம்னு சொல்லி வைங்க."

அவர் சிரித்தார், நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள் காலை. பனி அன்று விலகவே மனமில்லாமல் நின்றது. பின்பக்கம் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். மட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நாய் முன்வாசலுக்குப் போனது. திட்டிக்கொண்டே பின்னால் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நாய் மட்டையை அவர் காலடியில் வைத்திருந்தது. இவர் குனிந்து எடுத்தார், வலது கையால். தும்பு விரல்களுக்கு இடையில் சிக்கிக்கொண்டதால் அவர் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே கையில் நின்றது. கையை மெல்ல ஆட்டி விட்டார். மட்டை பனிக்குள் போனது, நாயும் போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து முதலில் மட்டை வந்தது, பிறகு நாய் வந்தது.

அதன் பிறகு நான் மட்டை தேர்ந்தெடுப்பவள் ஆனேன். காய்ந்த மட்டை நாயின் வாயைக் கிழிக்கும், பச்சை மட்டை அவர் கைக்குப் பாரம். நடுப்பதமாகப் பார்த்து எடுத்து, ஒரு முனையில் தும்பைக் குடுமி மாதிரித் தொங்கவிட்டு முறுக்குவேன். குடுமியை நாய் கவ்வும், குடுமிக்குள் இவர் விரலை விடுவார். மட்டை சரிவந்ததும் மட்டைக்குள் உதிர்ந்த பிஞ்சுக் குரும்பட்டி, அப்புறம் சின்னத் தேங்காய் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டினேன். எதற்கென்று அவருக்கு நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எல்லாக் காலையும் ஒரே காலையாக நீண்டு கிடந்த மாதிரித்தான் இப்போது தோன்றுகிறது. பனி, கராம்பு வாசனை, போய்ப் போய் வரும் நாய்.

தேரன்று வீடு மெழுகி, வாசலில் கும்பம் வைத்து, தாம்பாளத்தில் காய்களை அடுக்கினேன். வழக்கத்தைவிட நீளமாகக் குடுமி விட்டு உரித்திருந்தேன். அன்று நான் செய்த மடத்தனம் ஒன்றுதான். நாயைப் பின்பக்கம் கட்டப் போனவள், அவசரத்தில் கண்டியில் வாங்கிய அந்த நீளக் கயிற்றாலேயே கட்டிவிட்டேன்.

மேளம் கிட்ட வந்தது. இவர் வேட்டி கட்டி, துவாயால் கையை மூடிக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் ஒரு காயை எடுத்து நீட்டினேன். காயின் நீளக் குடுமியைப் பார்த்தார். பிறகு எழுந்து, குடுமிக்குள் விரலை விட்டார்.

தெரு முழுக்கச் சனம். தலைக்கு மேலே தூக்க முடியவில்லை, தோள் வரைதான் வந்தது. அடித்தார். காய் சரிந்து விழுந்து, உடையாமல் உருண்டு போய்த் தேருக்கு முன்னால் நின்றது. மேளம் அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மனுக்கு அடித்த காய் உடையாமல் போனால் சனம் என்ன நினைக்கும் என்று சொல்லவா வேண்டும்? இவர் கை துவாயைத் தேடியது.

கால்களுக்கு நடுவே ஏதோ ஓடியது. பின்பக்கத்திலிருந்து தெரு வரை எட்டிய அந்த நீளக் கயிற்றை இழுத்துக்கொண்டு நாய். காயின் குடுமியைக் கவ்வியது, திரும்பி வந்தது, ஒவ்வொரு காலையும் போல அவர் வலது காலருகே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தது.

"நாய் வாய் வச்ச காய்ங்க! வேற எடுங்க!" என்று யாரோ கத்தினார்.

இவர் அதற்குள் குனிந்து அதை எடுத்திருந்தார். எடுத்தபடி என்னைப் பார்த்தார். சாமிக்கு வைக்கிற பூவை முகர்ந்தாலே வீட்டை இரண்டாக்குகிறவள் நான். தாம்பாளத்தில் எச்சில் படாத காய்கள் என் கையிலேயே இருந்தன. வேறு காயைக் கொடுத்தால் அவர் அதை வாங்க மாட்டார், உள்ளே போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

"அடிங்க" என்றேன். "அம்மன் ஒன்னும் நெனைக்க மாட்டா. அடிங்க."

இந்த முறை கை தோளைத் தாண்டியது. காய் அழகாக இரண்டாகவெல்லாம் உடையவில்லை, கண்டபடி சிதறியது. தண்ணீர் என் சேலையில் தெறித்தது. தேர் எங்கள் வாசலைத் தாண்டியது. நான் அம்மன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது.

நாய் ஒரு சில்லைக் கவ்விக்கொண்டு வந்தது. "கொண்டா" என்று இவர் கையை நீட்டினார், அத்தனை சனத்துக்கும் முன்னால், வலது கையை. துவாய் மண்ணில் கிடந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.