நிற்காத மெசேஜ்

பள்ளிப் படிப்போடு நின்ற நான், ஒரு இன்ஜினீயரைப் பற்றி எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பை செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் போன் எடுப்பது என் வேலை. ஒருமுறை, பரிசோதனை முடித்துப் போனவர்களுக்கும் 'பரிசோதனைக்கு வாருங்கள்' என்று மணிக்கொரு மெசேஜ் போனது; போகப் போக அது நாலைந்தானது. "எடுத்த ரத்தம் போதாதா?" என்று போனில் என்னைத் திட்டினார்கள். திட்டு நிற்காவிட்டால் என் இடத்தில் வேறு ஆள் என்றார் மேனேஜர்.

சரிசெய்ய வந்தவர் ஒல்லி. சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்தார். மெசேஜ் அனுப்புவது ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம் என்றார். வேலை செய்யும்போது திரையோடு திருநெல்வேலித் தமிழில் பேசுவார். "எதுக்குல சும்மா கத்துத?" எல்லோரும் ஹிந்தி பேசும் அந்த ஆபீசில், அதைக் கேட்கவே பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன கோளாறு தம்பி?"

"எப்ப நிக்கணும்னு மெசேஜ் அனுப்புத டைமருக்கு யாரும் சொல்லலக்கா. மெசேஜ் நிக்கலன்னு உங்க மேனேஜர் புரோகிராமத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிச்சிருக்காரு, அதுல சரியாயிரும்னு. ஒவ்வொரு தடவையும் புது டைமர். பழசும் ஓடிக்கிட்டே இருக்கு."

"அப்போ எம்மேல தப்பில்லல்லா?"

"உங்க மேல என்னக்கா தப்பு? அவர்ட்டயே சொல்லிட்டுத்தான் போவேன்."

சொன்னாரா, தெரியாது. பெயர் கேட்கவும் கூச்சம். இப்போதும் யாராவது கம்ப்யூட்டரைத் திட்டினால் அந்தக் குரல் நினைவுக்கு வருகிறது.

அவர் வந்து போன மறுநாள் போன் எப்போதாவதுதான் அடித்தது. நான்தான் எடுத்தேன்.