எவ்வளவு சிவப்பு வரை

ஒரகடத்தில் கார் விளக்குகள் செய்யும் ஆலை ஒன்றில் செல்வலட்சுமிக்குப் பதினொரு ஆண்டு வேலை. முகப்பு விளக்கின் முன்மூடி அச்சிலிருந்து இளஞ்சூட்டோடு வரும். அதை வெள்ளை வெளிச்சத்தின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறலோ குமிழியோ கரும்புள்ளியோ இருந்தால் சிவப்புப் பெட்டி. இல்லையென்றால் அடுத்த மேசை. ஒன்றுக்கு இருபது விநாடி. நல்லதைச் சிவப்புப் பெட்டியில் போட்டால் பெரிதாக யாரும் கேட்பதில்லை. கெட்டது தப்பிப் போனால், போகவிட்டவர் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். அதனால் லைனில் எல்லோருக்கும் ஒரே விதி: சந்தேகம் வந்தால் சிவப்புப் பெட்டி.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். வயது முப்பத்திரண்டு. பென்னலூரில் ஒரு வாடகை அறையில், அதே ஆலையில் வேலை பார்க்கும் வாலாஜாபாத்துக்காரி சந்திரலேகாவோடு தங்கியிருக்கிறாள்.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த ஒரு நாள் அவளுடைய வலது கண்ணில் தூசி விழுந்தது. டாக்டரிடம் போகாமல் மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொண்டாள். ஒரு வாரத்தில் கருவிழியில் பூஞ்சைப் புண். புண் ஆறியது, வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. ஒன்றரை ஆண்டு அந்தக் கண்ணுக்குப் பனிமூட்டம் மட்டுமே தெரிந்தது. பிறகு சென்னையில் அறுவை செய்து, இறந்துபோன ஒருவரின் கருவிழியைப் பொருத்தினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஷாரோன் நான்கு அறிகுறிகளைச் சொன்னார். சிவப்பு, வலி, வெளிச்சம் கூசுவது, பார்வை மங்குவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும். புதுக் கருவிழியை உடம்பு ஏற்க மறுத்தால் அப்படித்தான் தெரியும். உடனே வந்தால் காப்பாற்றலாம். சொன்னதில் தவறு எதுவும் இல்லை.

செல்வலட்சுமி ஒரு நோட்டை எடுத்து நான்கு கட்டம் போட்டாள். காலை, மாலை என்று தொடங்கியது, பிறகு மணிக்கொரு முறை ஆயிற்று. ஐந்தாம் மாதம் கழிப்பறைக்குப் போய் இமையை விரித்து, செல்போன் வெளிச்சத்தில் வெள்ளைவிழியின் ஒவ்வொரு நரம்பாகத் தேடிக்கொண்டிருந்தாள். கண் அவளுக்கு இருபது விநாடியில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இன்னொரு பொருளாகிவிட்டது. அப்படித் தேடினால் எந்தக் கண்ணிலும் ஏதாவது கிடைக்கும். ஆறு முறை விடுப்புப் போட்டுவிட்டுச் சென்னைக்கு ஓடினாள். ஆறு முறையும் டாக்டர் கருவியில் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். திரும்பும் பஸ் பூந்தமல்லியைத் தாண்டும்வரை அந்த நிம்மதி தாங்கும்.

தங்கையின் கல்யாணத்துக்கும் அவள் போகவில்லை. கூட்டத்தில் யார் கையாவது பட்டுவிடும் என்று பயம்.

"இன்னா லட்சுமி, கண்ணு உன்கிட்ட கீதா, நீ கண்ணுகிட்ட கீறியா?" என்றாள் சந்திரலேகா.

"உனக்கென்ன தெரியும், சும்மா கெட. என் சொந்தக் கண்ணுன்னா போனா போவுதுன்னு விட்டிருவேன். இது இன்னொருத்தங்க குடுத்தது."

"குடுத்தவங்க பாக்கத்தானே குடுத்தாங்க. பூட்டி வைக்கவா?"

செல்வலட்சுமி மறுபடி கண்ணாடியைக் கையில் எடுத்தாள். கொடுத்தவர் ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது. மருத்துவமனையில் சொல்ல மாட்டார்கள். எங்கோ ஒரு வீட்டில், அழுகைக்கு நடுவே யாரோ சரி என்று தலையாட்டியிருக்கிறார்கள். அதை வாங்கிக் கெடுத்துவிட்டவள் என்று ஆகிவிடக் கூடாது. பார்வை போய்விடும் என்பதைவிட இந்த எண்ணம்தான் அவளை அதிகம் வாட்டியது. பெற்றுக்கொண்டதற்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற கவலை நல்ல கவலைதான். ஆனால் அது எல்லை தாண்டினால், பெற்ற பொருளைத் தொடவே விடாது.

அறுவைக்குப் பிறகு அவளைப் பார்வைச் சோதனையிலிருந்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து ஒரு நாள் பழைய லைன் பக்கம் போனபோது, சிவப்புப் பெட்டிகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. பேக்கிங்கையும் சேர்த்துப் பார்க்கும் லைன் லீடர் எல்லப்பன் புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா பாதிக்குப் பாதி பொட்டில போட்டுகினு கீறீங்க. நல்லதெல்லாம் அதுலதான் கீது. அந்த போர்டு எதுக்கும்மா மாட்டி வச்சிருக்கு, அழகுக்கா? எவ்ளோ கீறல் வரைக்கும் வுடலாம்னு சாம்பிள் கீதுல்ல, அத்தப் பக்கத்துல வச்சிப் பாரு."

அந்தப் பலகை எல்லா லைனிலும் உண்டு. லிமிட் சாம்பிள் என்பார்கள். குறை உள்ள, ஆனால் அனுமதிக்கப்பட்ட உருப்படிகள் சிலவற்றைக் கையெழுத்துப் போட்டு அதில் மாட்டியிருப்பார்கள். இதுவரை போகலாம், இதற்கு மேல் கூடாது. செல்வலட்சுமி பல ஆண்டுகள் அதைப் பார்த்து வேலை செய்தவள். அன்று அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கண்ணைப் பற்றித் தன்னிடம் இருப்பது குறைகளின் பட்டியல் மட்டும்தான், இந்தப் பலகை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டாள். "எனக்கு ஒரு லிமிட் சாம்பிள் வேணும் டாக்டர்."

"அப்படின்னா?"

"செவப்புன்னா வரச் சொல்லுதீங்க. எவ்வளவு செவப்பு? காலைல எழும்பும்போதே கொஞ்சம் செவந்துதான் இருக்கு. அது எதுல சேத்தி?"

டாக்டர் ஷாரோன் பேனாவை மேசையில் வைத்தார். "எதுக்குப் பயப்படணும்னு சொல்லி அனுப்பறோம். எதுக்குப் பயப்பட வேண்டாம்னு சொல்றதில்ல," என்றார்.

அவளுடைய செல்போனை வாங்கி அந்தக் கண்ணைப் படம் எடுத்தார். மருத்துவமனைக் கோப்பிலிருந்து, கருவிழியை உடம்பு ஏற்காமல் போன வேறொருவரின் சிவந்த கண் படம் ஒன்றையும் பெயர் இல்லாமல் காட்டினார். முகம் கழுவி அரை மணி நேரத்தில் வடியும் சிவப்பு இருக்கலாம். வடியாவிட்டால் வர வேண்டும். பார்வை மங்கினால் அரை மணிகூடக் காத்திருக்கக் கூடாது. சோதனை காலையில் ஒரு முறை, அவ்வளவுதான். மாடியில் உள்ள மனநல ஆலோசகரிடமும் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அவரிடம் செல்வலட்சுமி நான்கு முறை போனாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் ஒரு முறைக்குப் பதில் மூன்று முறை பார்த்துவிட்டு, நோட்டில் ஒன்று என்று எழுதினாள். ஆலோசகரிடம் அதையும் ஒப்புக்கொண்டாள். இரண்டு மாதத்தில் நோட்டு துணிப்பெட்டிக்கு அடியில் போயிற்று. தங்கையையும் மாப்பிள்ளையையும் அறைக்கு அழைத்து மீன்குழம்பு வைத்தாள். அடுப்புப் புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஓடவில்லை.

பன்னிரண்டாம் மாதம் ஒரு காலை கண் சிவந்திருந்தது. முகம் கழுவினாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தபோது, எதிர்ச்சுவர்க் காலண்டரில் தேதிக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்து, நேற்றுவரை தெரிந்தது, கரைந்து போயிருந்தது. அன்று ஆலையில் வாடிக்கையாளர் ஆய்வு; விடுப்பு கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எல்லப்பனுக்குப் போன் செய்தாள்.

"மறுபடியுமா?" என்றார் அவர். "ஏழாவது வாட்டி லட்சுமி. இன்னிக்கி நாளு பாத்துதான் வருதா அது?"

ஆறு முறை பொய்யாகக் கூப்பாடு போட்டவருக்கு ஏழாம் முறை வாய் திறப்பது லேசான காரியமல்ல. கேலிக்குப் பயந்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடுபவர்களே அதிகம். துணிச்சல் என்ற சொல்லை யோசித்துத்தான் சொல்ல வேண்டும், இங்கே சொல்லலாம்.

"அண்ணே, முன்னாடி வந்ததெல்லாம் சந்தேகம். இது சந்தேகம் இல்ல. நான் கெளம்பிட்டேன்," என்றாள்.

உடம்பு கருவிழியை ஏற்க மறுப்பது தொடங்கியிருந்தது. "ரெண்டு நாள் விட்டிருந்தா எனக்குச் செய்ய அதிகம் இருந்திருக்காது," என்றார் டாக்டர். மணிக்கொரு சொட்டு. சந்திரலேகா போனில் அலாரம் வைத்துக்கொண்டு, "வானத்தப் பாரு" என்று மோவாயைப் பிடித்துத் தூக்கி மருந்து விட்டாள். ஐந்தாவது வாரம் காலண்டர் எழுத்து திரும்ப வந்தது.

"இனிமே வராதுல்லா டாக்டர்?"

"வரலாம்."

செல்வலட்சுமி தலையாட்டிக்கொண்டாள். மறுநாள் ஆலைக்குப் போய், ஷிப்ட் தொடங்குமுன் எல்லப்பன் முன்னால் நின்றாள்.

"அண்ணே, இது மறுபடி வரலாமாம். எப்ப வந்தாலும் நான் கெளம்பிப் போயிருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

எல்லப்பன் அவளுடைய வலது கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போ. உன் மேசைக்கு ஒரு ஆள வுட்டுட்டுப் போ," என்றார்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.