மதியப் பூட்டு

எங்கே உட்கார்ந்தாலும் அவள் விளிம்பில்தான் உட்காருவாள். பேருந்தில் இருவர் இருக்கை முழுசாகக் காலியாகக் கிடந்தாலும் பாதி உடம்பு வெளியே தொங்கும். ஆஸ்பத்திரி பெஞ்சிலும் அப்படித்தான், வீட்டு சோபாவிலும் அப்படித்தான். பல வருடமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் கணவர் ஒருநாள் சொல்லியே விட்டார்.

"அது நம்ம சோபாதான். கொஞ்சம் உள்ள தள்ளி உட்கார்ந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அவள் சிரித்தாள். தள்ளி உட்காரவில்லை.

பூங்காக் காவல் வேலை செய்த உடம்பு அது. பணி நேரத்தில் உட்காரக் கூடாது. மீறி உட்கார்ந்தால், யார் தலை தெரிந்தாலும் சட்டென்று எழ வேண்டும். பன்னிரண்டு வருடம் கழுத்தில் விசிலோடு நின்றவள். புல்லில் கால் வைத்தால் ஓர் ஊதல், பூவில் கை வைத்தால் இரண்டு, பெஞ்சில் படுத்தால் எழும் வரைக்கும் ஓயாத ஊதல். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் அவளுக்கு 'விசில் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவாள்.

அவளுடைய முப்பத்து மூன்றாம் வயதில் அலுவலகப் பலகையில் ஓர் அறிவிப்பு வந்தது. பூங்கா, பொழுதுபோக்கு, சுற்றுலா ஆகியவற்றின் நீடித்த மேலாண்மை என்று பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப்படிப்பு. பள்ளிப்படிப்பை முடித்த ஊழியர்கள் விடுப்பு எடுத்துப் படிக்கலாம். அறிவிப்பை யாரும் சீண்டவில்லை. இவள்தான் விண்ணப்பம் போட்டாள்.

கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். திருகாணியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஊர்ல எல்லாரும் காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு பார்க்குக்குப் போவாங்க. நீ பார்க்குக்கு மட்டம் போட்டுட்டு காலேஜுக்குப் போறியா?"

"ஆமா. போறேன்."

இரண்டு குடும்பத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள் அதுவரை யாருமில்லை. வகுப்பில் எல்லோரும் அவளைவிடப் பதினைந்து வயது சிறியவர்கள். முதல் நாளே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா, நீங்க எங்களுக்கு முன்னாடி உட்காருங்க. மறைவா இருக்கும்."

ஓர் இடம் கெட்டுப்போகாமல் எத்தனை பேரைத் தாங்கும் என்பதற்குச் சுமப்புத் திறன் என்று பெயர் என அங்கேதான் தெரிந்துகொண்டாள். வீட்டில் சொன்னபோது, "அது பூங்காவுக்கு மட்டும்தானா, புருஷனுக்கும் உண்டா?" என்றார் கணவர். சிரித்தாலும், படிக்கப் படிக்க அவளுக்குள் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. புத்தகத்தில் இருப்பதில் பாதி அவள் கால்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததற்குப் பெயர் வைப்பதற்காகவா மூன்று வருடம்? இல்லை, தெரிந்தது என்று நினைத்ததைக் கிளறிப் பார்ப்பதற்கா?

கடைசி வருட ஆய்வுக்குத் தன் பூங்காவையே எடுத்தாள். கால் மணிக்கு ஒருமுறை சுற்றி வந்து, யார் என்ன செய்கிறார்கள் என்று எண்ண வேண்டும். படிவத்தில் கட்டங்கள் அச்சாகி இருந்தன: நடத்தல், ஓடுதல், விளையாடுதல், உட்காருதல், உண்ணுதல், மற்றவை. பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை பூங்கா பூட்டிக் கிடக்கும். எட்டு வருடமாக அதுதான் விதி. அந்தப் பதினாறு வரிகளிலும் பூஜ்யம் போட்டுக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் வாயிலுக்கு வெளியே நின்றபோதுதான் கண்ணில் பட்டது. சுற்றுச்சுவருக்கு மேலே சாய்ந்திருந்த கிளைகளின் நிழல் நடைபாதையில் ஒரு கோடு மாதிரி விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்குள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு வரிசையாகப் பெண்கள். எதிரே இருக்கும் தையல் ஆலைக்காரிகள், ஆஸ்பத்திரி துப்புரவுக்காரிகள். சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தூக்கம். எண்ணினாள். நாற்பத்தொன்று.

கூட வந்த வகுப்புப் பெண் தயங்கினாள். "அக்கா, இவங்க பார்வையாளர் கணக்குல வர மாட்டாங்களே. உள்ள வரலையே."

"உள்ள விடலைன்னா வரலைன்னு எழுதிடலாமா?"

அளவுகோலை வைத்துப் படிவத்தில் புதுக் கட்டம் ஒன்று கிழித்தாள். தூங்குதல்.

பேராசிரியை அதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "தூக்கம் ஒரு பொழுதுபோக்காம்மா?"

"நின்னுகிட்டே வேலை செய்யறவங்களுக்கு அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு என்ன இருக்கு மேடம்?"

"சரி, எழுது. ஆனா அளந்து எழுது."

சேதி எப்படியோ பூங்காக் கண்காணிப்பாளர் காதுக்குப் போனது. கூப்பிட்டு அனுப்பினார். முன்பெல்லாம் அந்த அறையில் அவள் நின்றுகொண்டே பேசுவாள். இந்த முறை அவர் நாற்காலி காட்டினார்.

"இங்க பாரும்மா. பட்டாம்பூச்சித் தோட்டத்தைப் பத்தி எழுது. நல்ல நல்ல படமெல்லாம் போடலாம். மேற்பார்வையாளர் இடம் காலியாகுது, ஞாபகம் வெச்சுக்க."

"பட்டாம்பூச்சிக்கு மதியம் கேட் பூட்டலையே சார்."

ஆய்வை விளக்கிக் காட்டும் நாளில் பூங்காவின் சார்பில் கண்காணிப்பாளரும் மதிப்பீட்டாளராக வந்து உட்கார்ந்தார். அவள் திரையில் வரைபடத்தைக் காட்டி, வெளியே தூங்குபவர்களின் எண்ணிக்கையைச் சொல்லி, பூட்டை எடுக்க வேண்டும் என்று முடித்தாள். அவர் பையிலிருந்து பழுப்பேறிய காவல் பதிவேடு ஒன்றை எடுத்து நிதானமாக வாசித்தார்.

"'மதிய வேளையில் பெஞ்சுகளில் படுத்துறங்கும் பெண்களால் பூங்காவின் மதிப்பு கெடுகிறது. நீல ஏப்ரன் அணிந்த ஒருத்தி எச்சரித்தும் தினமும் வருகிறாள். மதியம் வாயிலைப் பூட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கீழ இருக்கிற கையெழுத்து யாருதும்மா?"

அவளுடையது. எத்தனையோ பக்கங்கள் எழுதியவள், இதை அடியோடு மறந்திருந்தாள். விதி மேலே எங்கிருந்தோ வந்தது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். இப்போது எல்லாம் துலக்கமாக வந்து நின்றது. அன்றைக்குத் தூங்கியவளின் காதருகே ஊதினாள். "உங்க வீட்டுக் கட்டிலா இது?" என்று கேட்டாள். அந்தப் பெண் எழுந்து, ஏப்ரனில் ஒட்டிய நூலைப் பிய்த்துக்கொண்டே, "வீட்ல கட்டில் இருந்தா இங்க ஏங்க வரேன்?" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவள் எழுதினாள்.

அறையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். காது மடல் சுட்டது.

"என்னுதுதான் சார்."

"அப்போ எதைம்மா நாங்க நம்புறது?"

"அன்னைக்கு ஒரு காவல்காரி கோபத்துல ஒரு பக்கம் எழுதினா. எண்ணலை, யாரையும் கேக்கலை. அதை நம்பி எட்டு வருஷம் பூட்டினீங்க. அதே ஆளு இப்ப முப்பது நாள் வெயில்ல நின்னு எண்ணி, அறுபது பேர்கிட்ட கேட்டு எழுதியிருக்கேன். இதை நம்பி ஒரு மூணு மாசம் திறக்க மாட்டீங்களா?"

"உனக்கு வேலையில இருக்கணும்னு எண்ணம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். அதுக்காகப் பொய் எழுத மாட்டேன். ஒரு தடவை எழுதினதே போதும்."

பேராசிரியை மதிப்பெண் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றே ஆய்வு தேறியது. பல்கலைக்கழகம் அதை நகர நிர்வாகத்துக்கும் அனுப்பி வைத்தது. சோதனையாக மூன்று மாதம் திறந்து வைக்க உத்தரவு வந்தது. அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. ஊருக்கு வெளியே ஏரிக்கரையில், படகுச் சீட்டு கிழிக்கும் ஜன்னலுக்கு அவளுக்கு மாற்றல்.

"இப்ப நீ ஜெயிச்சியா, தோத்தியா?" என்றார் கணவர்.

"கேட் திறந்திருக்கு."

"அதில்லை, உன் கதி?"

"எனக்கென்ன, இனிமே படகு பார்க்கலாம்."

ஏரிக்குப் போவதற்கு முன் தையல் ஆலை வாசலில் போய் நின்று விசாரித்தாள். வெளியே வந்த அத்தனை பேரும் நீல ஏப்ரன் போட்டிருந்தார்கள். "எட்டு வருஷத்துக்கு முன்னாடியா? இங்க ஆறு மாசம் தாக்குப்பிடிக்கிறவங்களே கம்மிக்கா" என்றாள் ஒருத்தி. பூங்காவுக்குள் போய் ஒவ்வொரு பெஞ்சாக முகம் பார்த்து நடந்தாள். ஒரு பெண் பதறி விழித்து, "எழுந்திரிக்கணுமாங்க?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. தூங்குங்க."

தேடி வந்த முகம் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்குமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஏப்ரனும் அந்தப் பதிலும் நினைவிருந்தன. முகத்தை அன்றைக்கு அவள் சரியாகப் பார்க்கவே இல்லை.

ஆய்வேட்டைத் தைத்துக் கட்டக் கொடுக்கும் முன் பேராசிரியை நன்றியுரைப் பக்கத்தைக் கேட்டார். நீல ஏப்ரன் போட்ட அந்தப் பெண்ணுக்கு என்று அவள் ஒரே ஒரு வரி எழுதிக் கொண்டுபோனாள்.

"பெயர் இல்லாம நன்றி போட முடியாதேம்மா."

"இது நன்றி இல்லை மேடம், மன்னிப்பு."

"அதுக்குன்னு பக்கம் கிடையாதே."

"அப்போ நன்றிப் பக்கமும் வேண்டாம் மேடம். முதல்ல குடுக்க வேண்டியதைக் குடுக்காம, மத்தவங்களுக்கு எப்படிங்க குடுக்கறது?"

ஆய்வேடு அந்தப் பக்கம் இல்லாமலேயே நூலகத்துக்குப் போனது. எழுதிய வரி அவளிடமே நின்றுவிட்டது.